இருபது கண்ணி

"இது என்ன, கேரளாவா?" என்றாள் என் மனைவி.

சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். மூன்று வார உழைப்பு. கீழே குறுகி, நடுவில் வயிறு பெருத்து, மேலே மறுபடி ஒடுங்கி, போதாக்குறைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருந்தது. மப்ளர் என்று நினைத்துத்தான் பின்ன ஆரம்பித்தேன். மார்கழியில் காலை நடைக்குப் போகும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம் என்று திட்டம். நாகர்கோவில் மார்கழிக்கு மப்ளர் எதற்கு என்று கேட்கக் கூடாது. பணி ஓய்வு பெற்றவனுக்குக் குளிர் தானாக வந்துவிடும்.

"1956ல எவ்வளவு பாடுபட்டு நம்ம ஜில்லாவத் தமிழ்நாட்டோட சேத்தாங்க. நீங்க ஒக்காந்த எடத்துல இருந்தே திரும்பக் கொண்டுபோயி ஒட்டிட்டிய" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்துக்குக் கரண்டி எடுக்கப் போய்விட்டாள்.

நான் 31 வருஷம் வங்கியில் காசாளராக இருந்தவன். நூறு நோட்டுக் கட்டை விரல் நுனியில் விசிறி, ஒன்று குறைந்தாலும் காதாலேயே கண்டுபிடிப்பேன். இந்த மப்ளருக்கு வரிக்கு இருபது கண்ணி. இருபதே இருபது. முதல் வரி இருபது. இரண்டாவது வரி இருபது. மூன்றாவது பத்தொன்பது. ஏழாவதில் பதினேழு. பிறகு பயந்துபோய் ஓரத்தில் இரண்டு மூன்று கண்ணி அதிகமாகக் குத்த, பன்னிரண்டாவது வரியில் இருபத்து நான்கு. வங்கியாக இருந்தால் குறைந்ததற்கு நான் கைக்காசு போட்டிருப்பேன், அதிகமானதைச் சஸ்பென்ஸ் கணக்கில் ஏற்றியிருப்பேன். நூலுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. குறைந்தாலும் கூடினாலும் ஊர் பார்க்க ஓரத்தில் தெரியும்.

ஆரம்பித்தது டாக்டரால். வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் காலையில் மடங்க மறுத்தன. "விரலுக்கு ஏதாவது வேலை குடுங்க" என்று சொல்லி ஒரு பந்தை அமுக்கச் சொன்னார். மஞ்சள் பந்து. அதில் சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. இரண்டு நாள் அமுக்கினேன். நம்மைப் பார்த்துச் சிரிப்பவன் மூஞ்சியை நாள் முழுக்க நசுக்கிக்கொண்டிருப்பது ஒரு மாதிரியாக இருந்தது. மூன்றாம் நாள் மனைவியின் நீல பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. அந்த டப்பாவில் என்றைக்கோ பிஸ்கட் இருந்ததாக ஐதீகம். நான் பார்த்த நாளிலிருந்து அதில் ஊசி, பட்டன், குரோஷா ஊசிகள்தாம்.

"இதுல என்ன கஷ்டம்? ஒரு கொக்கி, ஒரு நூல்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

நூல் வாங்கப் போன இடத்திலேயே முதல் தவறு. அழுக்குத் தெரியாது என்று கறுப்பு நூல் வாங்கி வந்தேன். அதிலும் பூனை ரோமம் மாதிரி புசுபுசுவென்று இருந்த ரகம். விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. கறுப்பு நூலில் கண்ணி எது, இடைவெளி எது என்று தெரியாது. டியூப்லைட்டுக்குக் கீழே, கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ரோமம் வேறு ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும், பிரித்தால் வராது. மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டு, இளமஞ்சள் நிறத்தில், வழவழப்பான, நடுத்தரத் தடிமனுள்ள நூலும் 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியும் வாங்கி வந்தாள். அவளுடைய சொந்த ஊசிகள் எஃகு. ஒரு மில்லிமீட்டர், ஒன்றேகால் மில்லிமீட்டர். அதைக் கொடுத்திருந்தால் நான் இந்நேரம் கண் மருத்துவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன்.

அவளிடம் பழைய பின்னல் புத்தகம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் புத்தகம். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'டென்ஷன்' என்று போட்டிருந்தது. அடடா, எவ்வளவு நேர்மையான புத்தகம், எடுத்த எடுப்பில் எச்சரிக்கிறார்களே என்று நினைத்தேன். அது நூலின் இழுப்பைச் சொல்கிறதாம். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குள் இத்தனை கண்ணி, இத்தனை வரி வர வேண்டும் என்பது கணக்கு. இதையே அமெரிக்கப் புத்தகங்கள் 'கேஜ்' என்கின்றன. அதோடு விட்டார்களா? அமெரிக்கர் 'சிங்கிள்' என்று சொல்லும் பின்னலை இங்கிலாந்துக்காரர் 'டபுள்' என்கிறார். ஒரே தொகை, இரண்டு பேரேட்டில் இரண்டு தலைப்பு. எந்த ஆடிட்டரும் இதை அனுமதிக்க மாட்டார்.

புத்தகம் கேட்டது பத்து சென்டிமீட்டரில் 18 கண்ணி. அளவுக்கோலை வைத்துப் பார்த்தேன். மப்ளரின் அடியில் எனக்கு 26. நடுவில் 13. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பத்தொன்பதரை. கிட்டத்தட்டச் சரிதான் என்றேன். ரசத்துக்கு உப்பையும் பாயசத்துக்குச் சர்க்கரையையும் கூட்டி வகுத்து ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

அடியில் ஏன் 26 என்றால், அங்கேதான் சங்கிலி. குரோஷாவில் முதலில் சங்கிலி போட்டு, அதில் குத்திக் குத்தித்தான் மேலே எழும்ப வேண்டும். நான் சங்கிலியைக் கோயில் தேர் வடம் மாதிரி இழுத்துப் போட்டேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சி. பணக்கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்ட கை. விளைவு, அடுத்த வரிக்கு ஊசியை நுழைக்கக் கண்ணியில் துளையே இல்லை. குத்தினேன், நூல் பிளந்தது. திருகினேன், ஊசி வழுக்கி இடது கை ஆட்காட்டி விரலில் இறங்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது.

"என்னத்துக்கு இப்பிடி இழுக்குதிய? மாடா அது?"

"அவிந்துராதா?"

"அவிந்தா என்ன, ஆயிரங்கோடியா போயிரும்? தளர விடுங்க."

தளர விட்டேன். அதுதான் கேரளாவின் நடுப்பகுதி. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் சுண்டு விரல் தாராளமாகப் போய் வந்தது. மனைவி அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முட்டத்துக் கடற்கரையில் கொண்டுபோய்க் கொடுத்தால் மீனாவது பிடிப்பார்கள் என்றாள். அதுவும் நடக்காது. வலை பின்னுகிறவர்கள் கண்ணிக்குக் கண்ணி ஒரு பட்டைத் துண்டை உள்ளே வைத்து அளவெடுத்து முடிச்சுப் போடுகிறார்கள். அவர்கள் வலையில் எல்லாக் கண்ணியும் ஒரே அளவு. என் வலையில் ஒரு கண்ணியில் நெத்திலியும் பக்கத்துக் கண்ணியில் சுறாவும் தப்பித்துப் போகும்.

இந்நேரம் பிரச்சினை விளங்கியிருக்கும். 'இறுக்காதே' என்றால் தளர்கிறது. 'தளர விடாதே' என்றால் இறுகுகிறது. நடுவில் எங்கே நிற்பது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் புத்தி சொன்ன அத்தனை பேரும், மனைவி, அவளுடைய சித்தி, மாடி வீட்டு டீச்சர், எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ரொம்ப இறுக்கவும் கூடாது, ரொம்பத் தளரவும் கூடாது." உப்பு அளவாகப் போடு என்று சொல்லிவிட்டுப் போகிற சமையல் குறிப்பு மாதிரி. அளவு தெரிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்?

சித்தி இந்த விஷயத்தில் பரம்பரை உரிமை கொண்டாடுபவர். நாகர்கோவிலில் லேஸ் பின்னலுக்கு இருநூறு வயது. மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, இங்கே பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அந்த நூலில் சேர்ந்த காசைக் கொடுத்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். மால்ட் தம்பதியின் மகள் எலைசாவைத்தான் 1844இல் கால்டுவெல் மணந்தார். எலைசா இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். கால்டுவெல் என்றால் எனக்கு 1856இல் வந்த ஒப்பிலக்கணம் நினைவுக்கு வரும். என் மனைவி வீட்டாருக்குக் கால்டுவெல் என்பவர் லேஸ் டீச்சரம்மாவின் வீட்டுக்காரர்.

சித்தி சொன்ன ஒரு விஷயம் மட்டும் உருப்படியாக இருந்தது. அந்தக் காலத்து லேஸ் திண்டு லேஸ். ஒரு திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நெய்வது. கட்டையின் கனமே நூலை ஒரே சீராக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். "ஒங்க குரோஷாவுல கட்டை கெடையாதுல்லா? வெரலுதான் கட்டை" என்றார். என் விரல் கட்டைதான். டாக்டரே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சமயத்தில் திருப்பூரிலிருந்து மச்சினன் வந்தான். பனியன் துணி பின்னும் நிட்டிங் மில்லில் சூப்பர்வைசர். நம் ஊரில் ஸ்வெட்டர் பின்னல் பாட்டிமார் வேலை என்று நினைக்கிறோமே, நாம் போட்டிருக்கும் பனியன், டி-ஷர்ட் அத்தனையும் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல்தான். ஊடும் பாவும் கிடையாது. அந்த வகையில் திருப்பூரே ஒரு பெரிய பாட்டி. மச்சினன் என் மப்ளரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்து, விட்டு, திருப்பி, மறுபடி இழுத்தான். முகத்தில் மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டான்.

"அத்தான், இதுல ஜிஎஸ்எம் பாக்க முடியாது."

"ஏன்?"

துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி எடுத்து, எடை போட்டு, அதை நூறால் பெருக்குவார்கள்; ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். நல்ல துணியில் எங்கே வெட்டினாலும் எடை ஏறக்குறைய ஒன்றுதான். "இதுல இந்தப் பக்கம் வெட்டுனா சாக்கு, அந்தப் பக்கம் வெட்டுனா கொசுவலை."

பிறகு அவன் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பாடம். மெஷினில் கண்ணியின் நீளம்தான் எல்லாம். ஒவ்வொரு கண்ணிக்கும் இத்தனை மில்லிமீட்டர் நூல் என்று கட்டி வைத்துவிடுவார்கள். நூல் கோனிலிருந்து நேரே ஊசிக்குப் போகாது. நடுவில் ஃபீடர் என்று ஒரு சக்கரம் இருக்கும். நூலை அதில் பல சுற்றுச் சுற்றித்தான் விடுவார்கள். அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இவ்வளவு நூல் என்று அளந்து கொடுக்கும். கோன் வெட்டி இழுத்தாலும், தளர்ந்தாலும், சக்கரத்துக்கு அப்பால் அந்தச் செய்தி போகாது. ஒரு ஃபீடர் பிசகினால் துணி முழுக்கக் குறுக்குக் கோடு விழும்.

"நீங்க இழுக்குதியளா விடுதியளாங்குறது இல்ல அத்தான் பிரச்சினை. ஒங்க கையில ஃபீடரே இல்ல."

பார்த்தால், உண்மை. நான் நூலை இடது கையில் அப்படியே முஷ்டியாகப் பிடித்துக்கொண்டு, தேவைப்படும்போது திறந்து, தேவைப்படாதபோது மூடிக்கொண்டிருந்தேன். ரேஷன் கடை மாதிரி. திறந்திருக்கும்போது வெள்ளம், மூடியிருக்கும்போது பஞ்சம். மனைவியின் கையைப் போய்ப் பார்த்தேன். சுண்டு விரலில் நூல் ஒரு சுற்று. பிறகு நடு இரண்டு விரலுக்கு அடியில். பிறகு ஆட்காட்டி விரலுக்கு மேலே. ஆட்காட்டி விரல் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அவள் நூலை இழுப்பதே இல்லை. ஊசி கேட்கும்போது அது நழுவிப் போகிறது.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"எது? நான் அப்பிடியா பிடிக்கேன்?" என்று தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மச்சினன் 'பல சுற்று' என்று சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டு சுண்டு விரலில் நான்கு சுற்றுச் சுற்றினேன். பத்து நிமிஷத்தில் விரல் நுனி நாவல்பழ நிறத்துக்கு வந்தது. இரண்டு சுற்றாகக் குறைத்தேன். வியர்வையில் நூல் ஒட்டியது. பவுடர் போட்டுக்கொண்டேன். வழுக்கியது. கடைசியில் ஒரு சுற்று. சரியாக என் மனைவி சுற்றிய அதே ஒன்று. விஞ்ஞானம் இப்படித்தான் முன்னேறுகிறது.

பூக்காரம்மா கதையை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு முனையில் உட்கார்ந்திருப்பவர். விடியுமுன் தோவாளைச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து, பஸ்ஸில் வந்து இறங்கி, கூடையைத் தலையில் சுமந்து வருவார். அவர் பூக் கட்டுவதை நான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு பிச்சிப்பூவைத் தலைமாற்றி வைத்து, நாரைச் சுழற்றி, ஒரு சுண்டு. மறுபடி நான்கு. இறுக்கினால் காம்பு அறுந்து பூ உதிரும். தளர்ந்தால் தலையில் வைத்த அரை மணியில் சரம் உருவிக்கொண்டு வரும். அவர் அந்த இரண்டுக்கும் நடுவே, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு முழத்தில் ஒரு பூக்கூடப் பிசகாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் குந்திக்கொண்டேன். "ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எப்படி இறுக்குதிய? எவ்வளவு இழுக்கணும்னு எப்படித் தெரியுது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். நாரைச் சுழற்றினார். நிறுத்தினார். சுண்டினார். காம்பு அறுந்து நான்கு பூவும் மடியில் விழுந்தன. இன்னொரு நான்கு எடுத்தார். இந்தத் தடவை மெதுவாக, யோசித்து. முடிச்சு விழவே இல்லை.

"சாரே, நீங்க கேட்டதுல எனக்குக் கையே மறந்து போச்சு பாத்துக்கிடுங்க!"

நான் எழுந்து நழுவப் பார்த்தேன். விடவில்லை. கெட்டுப்போன அந்த ஒரு முழத்தை என் தலையில் கட்டினார். அதாவது, பணம் வாங்கிக்கொண்டு. முழம் என்பதும் ஒரு டென்ஷன் கணக்குதான். அளப்பவர் கை நீளத்துக்கு ஏற்ப வரும். அவருடைய முழம் காலையில் நீளம், விசேஷ நாளில் குட்டை. புத்தகத்தின் பத்து சென்டிமீட்டர் 18 கண்ணி என்பதும் எழுதிய அம்மாளின் முழம். என் முழம் அதுவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஊசியை மாற்றிக்கொள்ளலாம். இறுகுகிறவன் ஒரு அளவு பெரிய ஊசி எடுக்கலாம், சங்கிலிக்கு மட்டும் இன்னும் பெரியது எடுக்கலாம். ஆனால் என்னுடைய முழம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருந்தால் ஊசி என்ன செய்யும்?

ஊசி என்ன செய்யும் என்பதையும் ஒரு நாள் கண்டுபிடித்தேன். இதை நானே கண்டுபிடித்தேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். குரோஷா ஊசி முழுக்க ஒரே பருமன் கிடையாது. கொக்கிக்குக் கீழே பல ஊசிகளில் ஒரு ஒடுங்கிய கழுத்து இருக்கும். அதற்கும் கீழேதான் 4 மில்லிமீட்டர் என்று பெயர் பெற்ற உருண்டைத் தண்டு. கண்ணியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்தத் தண்டு. நானோ பயந்த சுபாவத்தில் கண்ணியைக் கொக்கிக்குப் பக்கத்திலேயே, கழுத்தில், வைத்துக்கொண்டு பின்னினேன். 4 மில்லிமீட்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டரை மில்லிமீட்டர் கண்ணி போட்டிருக்கிறேன். கண்ணியைத் தண்டு வரை இறக்கி, அப்புறம் அடுத்ததற்கு நூலை இழுத்தால், எதுவும் செய்யாமலே அளவு ஒன்றாகிறது. ஓரத்தில் காணாமல்போன கண்ணிகளும் இதனால்தான். வரி திரும்பும் இடத்தில் கைக்குப் பதற்றம் வந்து கடைசிக் கண்ணியை நெரித்துவிடும். நெரிபட்டது உள்ளே ஒளிந்துகொள்ளும். அடுத்த வரியில் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் தாண்டிப் போய்விடுவேன். பதினேழு இப்படித்தான் வந்தது. திருட்டுப் போகவில்லை. கஜானாவுக்குள்ளேயே நோட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

மீதிக் குற்றம் நூல்கண்டு மேல். அது சோபாவுக்கு அடியில் உருண்டு போய்க் காலில் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம் ஒரு கண்ணி இறுகும். கண்டைப் பழைய ஊறுகாய்ப் பரணிக்குள் போட்டேன். பிரமாதமாக ஓடியது. அதன் பிறகு நான் பின்னியதெல்லாம் வடுமாங்காய் வாசனை அடிக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகும் கை உடனே கேட்டுவிடவில்லை. ஒரு நாள் மனைவி என் துண்டைக் கையில் வைத்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி, வரி வரியாக விரலை ஓட்டினாள்.

"இங்க சாப்ட்டுட்டு ஒறங்கியிருக்கிய." தளர்ந்த மூன்று வரி. "இங்க ஒம்பது மணிக்கு டிவி விவாதம் பாத்திருக்கிய." கயிறு மாதிரி ஐந்து வரி. "இங்க என்ன? யாரு போன்ல?"

ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பழைய நண்பர் பேசியது அங்கேதான். ஊசி நுழையாத அளவுக்கு ஒன்றரை வரி இருந்தது. அதற்கப்புறம் திடீரென்று சீராகிவிட்டிருந்தது. "முடியாதுன்னு சொல்லிட்டியளா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "தெரியுது" என்றாள்.

இடையில் வட்டத்துக்கும் ஆசைப்பட்டேன். டம்ளர் வைக்க ஒரு சின்ன வட்ட விரிப்பு. ஆறு கண்ணியில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையாக வரும். முதல் விரிப்பில் கை இறுகி, கிண்ணமாகக் குவிந்தது. இரண்டாவதில் கண்ணியும் தளர்ந்து கணக்கும் கூடி, ஓரமெல்லாம் கோழிக்கொண்டை மாதிரி மடிப்பு மடிப்பாக அலையடித்தது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் பொறியியல் படித்தவள். "அப்பா, இது ஹைப்பர்போலிக் தளம்" என்றாள். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, யூக்ளிட்டுக்கு அடங்காத அந்த வடிவத்தை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கட்டும் என்று குரோஷாவில் பின்னிக் காட்டினாராம். ஒரே சீராக, குறிப்பிட்ட இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் துணி தானாகச் சுருண்டு அலையடிக்கும். நான் ஓடிப்போய் இதை மனைவியிடம் சொன்னேன்.

"அந்தம்மா வேணும்னு பண்ணுனாங்க" என்றாள்.

சென்னையில் 2016 ஜனவரியில் ஏராளமான பெண்கள் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னிய சதுரங்களை இணைத்து, 11,148 சதுர மீட்டருக்கு மேல் ஒரு குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பரப்பளவு பெரிதாகத் தெரியவில்லை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வீடு, வெவ்வேறு மாமியார், வெவ்வேறு மின்வெட்டு. இத்தனைக்கும் நடுவே அந்தச் சதுரங்களெல்லாம் எப்படிச் சதுரமாகவே இருந்தன? நடுவில் என்னுடைய கேரளா ஒன்று போயிருந்தால் பக்கத்து மாநிலங்கள் எல்லாம் தகராறு செய்திருக்கும்.

கேரளாவைத் திருத்தவும் ஒரு முயற்சி நடந்தது. பின்னியதை நனைத்து, வேண்டிய வடிவத்துக்கு இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைத்தால் சீராகிவிடும் என்று புத்தகம் சொல்லியது. தெர்மகோல் பலகையில் குத்தி மொட்டை மாடியில் வைத்தேன். சாயங்காலம் ஊசியை எடுத்தேன். அது மெதுவாகச் சுருங்கி, வயிறு புடைத்து, மறுபடி திருவனந்தபுரம் முதல் காசர்கோடு வரை படுத்துக்கொண்டது. கம்பளியாக இருந்தால் சொன்ன பேச்சு கேட்டிருக்கும். இது அக்ரிலிக், தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது, சூடு வேண்டும். சூடு தானே என்று அயர்ன் பாக்ஸை வைத்து ஒரு தேய். அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. துணி தொய்ந்து, ஈரத்தில் கிடந்த கோரைப்பாய் மாதிரி வழவழவென்று துவண்டு தொங்கியது.

அதைக் குப்பைத்தொட்டியில் போடக் கொண்டுபோகும்போது பூக்காரம்மா பார்த்துவிட்டார். "அது என்ன சாரே?" வாங்கிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு முறுக்கி, சுருட்டி, வட்டமாக வளைத்து, தலையில் வைத்து அழுத்தி, மேலே கூடையை ஏற்றிக்கொண்டார். அருமையான சும்மாடு. ஒல்லிப் பக்கம் உள்ளே போய், தொப்பைப் பக்கம் வெளியே வந்து, தலைக்கு வாகாக உட்கார்ந்துகொண்டது. துவண்டு கிடந்ததால் உறுத்தவும் இல்லையாம்.

ஒரு மாதம் கழித்து இன்னொன்று கேட்டார். தோவாளைச் சந்தையில் கூட வரும் அக்காவுக்கு வேண்டுமாம். "அதே மாதிரி வேணும் சாரே. நடுவுல அகலமா, ஓரத்துல ஒல்லியா. அதான் நிக்குது."

அதற்கென்ன, எனக்குக் கைவந்த கலை என்று உட்கார்ந்தேன். இருபது கண்ணி. திரும்பினேன், இருபது. மறுபடி இருபது. நடுப்பகுதி வந்ததும் வேண்டுமென்றே தளர்த்தினேன். நாலு கண்ணி தளர்ந்தது, ஐந்தாவதில் விரல் தன்பாட்டுக்குப் பழைய அளவுக்குப் போய்விட்டது. ஓரத்தில் ஒரு கண்ணியைத் தாண்டிக் குத்தப் பார்த்தேன். ஊசி தானாக அதைத் தேடிப் போய்க் குத்திக்கொண்டது. முப்பது வரி முடிந்தது. மேசையில் விரித்து அளவுக்கோலை வைத்தேன். அடியில் 18. நடுவில் 18. மேலே 18.

மனைவி வந்து பார்த்தாள். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இத அவங்களுக்குக் குடுத்தா நிக்காதே" என்றாள் கடைசியில்.

"என்ன செய்ய? வர மாட்டேங்குது."

மணியைப் பார்த்தாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ரிமோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். டிவியைப் போட்டு, விவாதம் நடக்கும் சேனலுக்கு மாற்றி, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தேன்.